ரொக்கருக்குத் தமிழ் என்ன? மரக்குதிரையின் அடிச்சட்டத்துக்கு ஒரு பெயர்

அலஸ்தோட்டத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் ஏறி ஆடும் மரக்குதிரைக்குத் தமிழில் ஒரு செய்முறைத் தாள் எழுதுகிறேன். உடற்கட்டை, கழுத்து, தலை, நான்கு கால், இருக்கை, கைப்பிடி, மிதிகட்டை, குறுக்குச்சட்டம் எல்லாவற்றையும் பட்டறையில் சொல்கிறபடியே எழுதியாயிற்று. குதிரையைத் தாங்கிக்கொண்டு தரையில் முன்னும் பின்னும் உருளுகிற இரண்டு வளைந்த மரங்களுக்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘ரொக்கர்’ என்றால் கண்டவருக்குப் புரியும். படமில்லாமல் தாளை மட்டும் வைத்து மரம் அறுப்பவருக்கு அது எதையும் காட்டாது.

குறித்து வைத்திருப்பவை: ஆடுகால், வில்லடி, வளையடி, பிறைச்சட்டம். பிறைச்சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

பாலையூற்றிலிருந்து

தங்கச்சி, முதலில் ‘ஆடுகால்’ வேண்டாம். தச்சுப் பட்டறையில் ‘கால் ஆடுது’ என்றால் பொருத்து இளகிப் போச்சு என்று பொருள். மேசையோ கதிரையோ கால் ஆடினால் திருப்பி அனுப்புவார்கள். பழுதுக்கு வழங்குகிற சொல்லை உறுப்புக்குப் பெயராக வைக்கக் கூடாது. அதோடு இந்தக் குதிரைக்கு ஏற்கெனவே நான்கு கால் இருக்கிறது. மர அளவுப் பட்டியலில் ‘கால் 4, ஆடுகால் 2’ என்று போட்டால் ஆறு காலுக்கும் ஒரே மரத்தை அறுத்து வைத்துவிடுவார்கள்.

‘வில்லடி’யும் சரிவராது. வில்லு வண்டில், வில்லுத்தகடு என்று நாங்கள் வில்லைச் சுருளுக்கும் தகட்டுக்கும் கொடுத்துவிட்டோம். சிறுவர் பூங்காக்களில் இரும்புச் சுருளின் மேல் நிற்கிற குதிரை ஒன்று உண்டு. அதற்குத்தான் ‘வில்லுக்குதிரை’ பொருந்தும்.

‘வளையடி’ கேட்க அழகு. ஆனால் வீட்டு வேலையில் வளை என்பது முகட்டு வளை, சுவர் வளை. கூரையைத் தாங்கும் நேரான மரம்! வளைந்த மரத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் எங்கள் ஆட்கள் நேர்மரத்தைத்தான் தேடுவார்கள். ‘அடி’யும் இடைஞ்சல். ‘மூன்று அடி வளையடி’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள்.

பிறைச்சட்டத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. சட்டம் என்ற முடிவு நல்லது, அறுத்துச் சீவின மரம் என்று உடனே விளங்கும்.

உவர்மலையிலிருந்து

பிறைச்சட்டத்தில்தான் எனக்குப் பெரிய தயக்கம். பெயரைக் கேட்டதும் கை எதை வரையும்? நடுவில் தடித்து இரண்டு நுனியும் கூர்ந்த பிறையை. இந்த உறுப்பை அப்படிச் செய்தால் நுனி முறியும்.

கணக்கைப் பாருங்கள். நீளம் 36 அங்குலம், வளைவின் ஆரை 40 அங்குலம் என்று வைப்போம். நடுவிலிருந்து இருபுறமும் 14 அங்குலம் வரை வளைவு, அதற்கப்பால் 4 அங்குலம் நேர்க்கோடு. நுனி தரையை விட்டு 4 அங்குலம் எழும். 7 அங்குலப் பலகையில் இதை அறுக்கலாம். ஆனால் மரத்தின் நார் பலகையோடு நேராக ஓடும், வளைவு மட்டும் திரும்பும். நுனிக்கு வரும்போது நாருக்கும் சட்டத்துக்கும் இடையே 20 பாகைக்குச் சற்று மேல் சாய்வு விழுகிறது. அந்த இடத்தில் நார் குறுகி நிற்கும். அங்கேயே கூராக்கினால், பிள்ளை பின்னுக்குச் சாய்ந்து முழுப் பாரமும் நுனியில் இறங்கும் நேரம் நாரோடு பிளந்து போகும். நடுவில் இரண்டேகால் அங்குலக் கனம் என்றால் நுனியில் ஒன்றரைக்குக் குறையக் கூடாது, முனையையும் மழுக்கிவிட வேண்டும். பிழையான வடிவத்தைக் கையில் கொடுக்கிற பெயர் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் செய்முறைத் தாளுக்கு உதவாது.

ஆரை எதற்கு 40 என்று தாளில் கட்டாயம் எழுதுங்கள். இருக்கை 16 அங்குல உயரத்தில் என்றால், பிள்ளையும் குதிரையும் சேர்ந்த பாரத்தின் மையம் ஏறக்குறைய 22 அங்குலத்தில் வரும். வளைவு வட்டத்தின் மையம் (தரையிலிருந்து ஆரையளவு உயரம்) அதற்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். 40க்கும் 22க்கும் உள்ள 18 அங்குல இடைவெளிதான் குதிரையைத் திரும்ப நிமிர்த்துகிறது. ஆரையை 28க்குக் குறைத்தால் இடைவெளி 6தான். ஆட்டம் மெதுவாகி ஆழமாகும், பிள்ளை இருக்கையில் எழும்பி நின்றால் கவிழும். ஆரையை 60க்குக் கூட்டினால் பலர் நினைப்பது போல ஆட்டம் மெதுவாகாது, விரைவாகும். 40இல் ஒரு முழு ஆட்டத்துக்கு 2 செக்கனுக்குக் கிட்டப் பிடிக்கும், 60இல் ஒன்றேகால் செக்கனை ஒட்டி வரும். வெடுக்கு வெடுக்கென்று இழுக்கும், சின்னப் பிள்ளைக்குக் கழுத்து நோகும்.

நுனியின் 4 அங்குல நேர்த்துண்டும் அலங்காரத்துக்கல்ல. குதிரை 20 பாகை சாய்ந்ததும் அந்த நேர்த்துண்டு முழுவதும் தரையில் படிந்து மேலும் உருளாமல் மறிக்கிறது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். உவர்மலை நானா சொன்ன முறிவு பலகையை வளைவாக அறுப்பதால் வருகிறது. மெல்லிய கீற்றுகளை அச்சில் வளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் நார் நுனி வரைக்கும் வளைவோடேயே ஓடும். கால் அங்குலக் கனத்தில், ஒன்றேகால் அங்குல அகலத்தில், 38 அங்குல நீளத்தில் ஒரு சட்டத்துக்கு 7 கீற்று. ஒட்டினால் ஒன்றேமுக்கால் அங்குலக் கனம் வரும். அறுத்த சட்டத்தின் இரண்டேகாலை விட இது பலம். அச்சை 40க்கு வெட்டாமல் 39க்கு வெட்டுங்கள், கழற்றும்போது மரம் கொஞ்சம் விரியும். நாலு அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப் போடுங்கள், நடுவில் தொடங்கி நுனிக்குப் போக வேண்டும். நுனியிலிருந்து இறுக்கினால் நடுவில் வாய் திறந்து நிற்கும். சாதாரண வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. காய்ந்த பிறகும் பாரத்தில் மெல்ல மெல்ல வழுகும், ஒரு வருடத்தில் வளைவு நிமிரும். எப்பொக்சி நல்லது.

மரம் நமது திருகோணமலைப் பெயரிலேயே இருக்கிறது. சவண்டலையை, சிலர் சமண்டலை என்பார்கள், சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கில வணிகத்தில் ‘ட்ரிங்கோமலி வுட்’ என்றே விற்றார்கள். அலைக்குள் போய்த் திரும்பின சென்னை மசூலாப் படகுகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் அந்த மரம் போனது, வளைந்து கொடுத்து முறியாமல் நிற்கும் குணத்துக்காக. புதிதாகத் தேட வேண்டாம். பழைய வீடு உடைக்கிற இடத்தில் கிடைக்கும் கூரைக் கைமரமே போதும்: காய்ந்தது, ஆணி பிடுங்கினது.

பெயருக்கு என் சொல் ‘தோணிச்சட்டம்’. தோணியின் அடிக்கோடு நடுவில் தரையோடு கிடந்து இரண்டு தலையிலும் மெல்ல எழும். கனம் குறையாது. கரைவலைத் தோணியைக் கரையில் இழுத்து வைத்ததைக் கண்டவருக்கு அந்தக் கோடு கையில் இருக்கும். படகு வேலையில் உள் எலும்புக்கு வங்கு, அடிமரத்துக்கு ஏரா என்பதால் தோணிச்சட்டம் என்று அங்கே எதுவும் இல்லை. மயக்கம் வராது.

திருக்கடலூரிலிருந்து

தோணிச்சட்டம் நல்ல சொல். ஒரு கேள்வி: கரையில் கிடக்கிற தோணியைத் தள்ளினால் பக்கவாட்டில்தானே ஆடுது? குதிரை முன்னும் பின்னும் அல்லவா ஆட வேண்டும்? ஆனால் அலையில் ஏறும்போது அணியம் (முன்தலை) எழும்பக் கடையார் (பின்தலை) தாழும், பிறகு மாறும். குதிரையின் ஆட்டம் அதுவேதான். தாளில் ‘அலையில் ஏறும் தோணி போல’ என்று ஒரு வரி இருந்தால் போதும்.

முழுப் பொம்மைக்கு ‘ஆடுகுதிரை’ வேண்டாம், பாலையூற்று அண்ணை சொன்ன அதே காரணம். கைக்குழந்தையை மடியில் இருத்தி முன்னும் பின்னும் சாய்ப்பதை நாங்கள் சாய்ந்தாடுதல் என்கிறோம். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று தனியாகப் பிரித்திருப்பதும் குழந்தை கையூன்றி, தலை நிமிர்ந்து அசைகிற அசைவைத்தான். இந்த அசைவுக்குத் தமிழில் பஞ்சமில்லை. ‘சாய்ந்தாடு குதிரை’ என்று வையுங்கள். வெறும் ‘சாய்குதிரை’ என்றால் சாய்மனைக்கதிரை போல அசையாமல் சாய்ந்து கிடக்கிற ஒன்று நினைவுக்கு வரும்.

கீழே நிலைச்சட்டம் அசையாமல் நிற்க, இரும்புத் தண்டுகளில் குதிரை தொங்கி ஆடுகிற வகையை ‘ஊஞ்சற்குதிரை’ என்று பிரியுங்கள். அமெரிக்காவில் மார்க்குவா என்பவர் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அதற்குத் தோணிச்சட்டம் கிடையாது, எளிதில் கவிழாது, உருளும் சட்டத்தின் அடியில் விரல் நசுங்காது.

பாலையூற்றிலிருந்து

தோணிச்சட்டத்துக்கு நானும் சம்மதம். தாளில் சேர்க்க வேண்டியவை சில.

வளைவு வரைய நூல் கட்டாதீர்கள், 40 அங்குல நூல் இழுபடும். சீமெந்துத் தரையில் ஒரு பலகைத் துண்டை அசையாமல் வைத்து, அதில் ஆணி அடித்து, துளையிட்ட சலாகையில் பென்சிலைச் செருகிச் சுற்றுங்கள். இரண்டு தோணிச்சட்டத்தையும் சேர்த்து இறுக்கி ஒன்றாகச் சீவுங்கள். தனித்தனியே சீவி ஆரை கொஞ்சம் மாறினாலும் குதிரை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் போய் சுவரில் முட்டும். அடியில் சோக்கு பூசி, மட்டமான தரையில் உருட்டிப் பாருங்கள். சோக்கு அழியாத இடம் பள்ளம். அழிந்த தடம் திட்டாக அகன்றால் அங்கே தட்டையாகிவிட்டது, ஆடும்போது ஒரு கணம் நின்று தட்டும்.

இரண்டுக்கும் வெளி இடைவெளி 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கால் பொருத்துகளை மாரியில் இறுக்கினால் வறண்ட கச்சான் காற்று அடிக்கும்போது மரம் சுருங்கி வாய் விடும். மரத்தைப் பட்டறைக்குள் சில வாரம் அடுக்கி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கடற்காற்றில் இரும்புத் திருகாணி துருவேறும். பித்தளை, இல்லாவிட்டால் துருப்பிடிக்காத உருக்கு.

அலஸ்தோட்டத்திலிருந்து

எல்லோருக்கும் நன்றி. பிறைச்சட்டத்தை எடுத்துவிட்டேன். உவர்மலை ஐயா கேட்ட நேர்த்துண்டுக்கு ‘மறிநுனி’ என்று எழுதியிருக்கிறேன். பதிவு இப்படி:

தோணிச்சட்டம்: சாய்ந்தாடு குதிரையின் கால்களைத் தாங்கித் தரையில் உருளும் வளைந்த சட்டம். அலையில் ஏறும் தோணி போல முன்னும் பின்னும் எழுந்து தாழும். ஒரு குதிரைக்கு இரண்டு. இரு தலையிலும் 4 அங்குல மறிநுனி உண்டு.

வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘தோணிச்சட்டம் இரண்டையும் சேர்த்து இறுக்கிச் சீவவும். மறிநுனியில் சீவுளி படக்கூடாது.’ நாக்கில் தடங்கவில்லை. பின்பக்க மறிநுனியை மட்டும் 5 அங்குலமாக்கலாமா என்று பார்க்கிறேன். பிள்ளைகள் முன்னுக்குக் குனிவதை விடப் பின்னுக்குத்தான் பலமாக எறிகிறார்கள்.