மறுமொழி: 'நைட்ரஜன் நிலைநிறுத்தம்' – வேறு சொல் வேண்டுமா?

வணக்கம்.

பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜன் வாயுவைச் செடிக்கு உதவும் அம்மோனியாவாக மாற்றுவதை 'நைட்ரஜன் நிலைநிறுத்தம்' (nitrogen fixation) என்கிறோம். இதற்கு வேறு தமிழ்ச்சொல் வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தார்கள். 'நிலைநிறுத்தம்' பாடநூல்களில் ஊறிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம் என்கிறவர்களின் தயக்கம் புரிகிறது. ஆனால் தீவனப்பயிர் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் இடறுகிறது. "நைட்ரஜனை நிலைநிறுத்தும் பயிர்" என்று படிப்பவர், குதிரை மசால் என்ற தீவனப்பயிரை விதைத்தாலே மண்ணில் சத்து தங்கிவிடும் என்று எடுத்துக்கொள்கிறார். நடப்பது வேறு. வேர் முடிச்சில் உருவாகும் அம்மோனியா, அமினோ அமிலங்களாகி இலைக்கும் தண்டுக்கும் ஏறிவிடுகிறது. ஒரு டன் உலர்ந்த மசாலில் ஏறக்குறைய 30 கிலோ நைட்ரஜன் இருக்கும். தானியத்துக்கு வளர்க்கும் பயறில் தழையாவது வயலில் மிஞ்சும். தீவனத்தில் தழைதான் விளைச்சல். அறுத்துக் கட்டிக் கொண்டுபோனால் சத்தும் கூடவே போகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் அடிக்கட்டையும் உதிர்ந்த இலையும்தான். 'நிலைநிறுத்தம்' என்பதற்குப் பதில் 'பதித்தல்' என்றாலும் இதே சிக்கல்.

'பிணைப்பு' என்ற மாற்றும் வேண்டவே வேண்டாம். நைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் இறுக்கியிருக்கும் முப்பிணைப்பை உடைப்பதுதான் இங்கே பெரும்பாடு. ஒரு மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு) செலவாகிறது. உடைக்கும் வேலைக்குப் பிணைப்பு என்று பெயர் வைத்தால் மாணவர் திண்டாடிப்போவார்.

என் பரிந்துரை: தழைச்சத்தாக்கம். செடிக்கு உணவாகும் நைட்ரஜனை உழவர் தழைச்சத்து என்பார்கள்.

காற்றில் இருக்கும்வரை அது வெறும் வாயு, செடிக்கு உணவாகாது. முடிச்சுக்குள் போய் வந்த பிறகுதான் தழைச்சத்து. இந்த மாற்றத்தை இச்சொல் நேராகச் சொல்கிறது. சத்து எங்கே தங்குகிறது என்று எதையும் சொல்லி ஏமாற்றுவதில்லை. தழைச்சத்தாக்கும் பாக்டீரியா, தழைச்சத்தாக்கத் திறன் என்று நீட்டவும் வருகிறது. மட்கு சிதைந்து அம்மோனியம் வெளிவருவதோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே ஏற்கெனவே உயிர்ப்பொருளில் சேர்ந்திருந்த நைட்ரஜன் விடுபடுகிறது, அவ்வளவுதான். வாயுவிலிருந்து புதிதாக ஒன்றும் ஆவதில்லை.

சரி, வாக்கியத்தில் உட்காருகிறதா?

"செடியைப் பிடுங்கினால் முடிச்சுகள் உதிர்ந்துவிடும். மண்ணோடு தோண்டி, நீரில் ஊறவைத்து, மெல்ல அலசுங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்தாக்கம் நடக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் நின்றுவிட்டது. அறுப்புக்குப் பின் தழைச்சத்தாக்கம் தணிந்து, புதுத் துளிர் தழைத்ததும் மீளும்."

எனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது. 'நிலைநிறுத்தம் நின்றுவிட்டது' என்று எழுதிப் பாருங்கள், சங்கடம் தெரியும்.

அப்புறம், இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. செடியிலுள்ள மொத்த நைட்ரஜனில் காற்றிலிருந்து வந்தது எத்தனை விழுக்காடு என்பதற்கு நம்மிடம் பெயரில்லை. மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் செடி அதையே உறிஞ்சிக்கொள்ளும். விளைச்சல் குறையாது, இந்த விழுக்காடு மட்டும் இறங்கும். ஆகவே விளைச்சலை வைத்து இதை ஊகிக்க முடியாது, தனிப்பெயர் வேண்டும். 'காற்றுப்பங்கு' என்று எழுதி வருகிறேன். 'வளிப்பங்கு' இன்னும் செறிவு என்றாலும், வயலில் நிற்பவருக்குக் காற்றுதான் உடனே பிடிபடும் என்று தோன்றுகிறது. இரண்டில் எது, சொல்லுங்கள்.