ஆறு ரோபோக்கள் வரிசையில் நின்றன, பன்னிரண்டு சிதறுகின்றன. ஏன்?

நிலா:
வணக்கம். முதுகலைத் திட்டத்துக்காகச் சிறு சக்கர ரோபோக்களை ஓட்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் தனித் தடம். தலைவன் யாருமின்றி எல்லாம் ஒரே வரிசைக்கு வர வேண்டும். 0.2 விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு ரோபோவும் மற்ற எல்லாவற்றின் இடத்தையும் கேட்டு, வித்தியாசங்களைக் கூட்டி, அந்தத் தொகையையே விநாடி வேகமாக வைத்துக்கொள்கிறது. அடுத்த செய்தி வரும்வரை வேகம் மாறாது. ஆறு ரோபோக்கள் அழகாக நின்றன. பன்னிரண்டாக்கியதும் முன்னும் பின்னும் பாய்ந்து முனைப் பலகையில் மோதுகின்றன. இரண்டு வாரமாக மோட்டார்களைக் கழற்றி மாட்டுகிறேன்.

முகில்:
மோட்டார்களை விட்டுவிடுங்கள், அவற்றின்மேல் குற்றமில்லை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைக் காட்டும் எண் அட்டவணைதான் லாப்லாசியன் அணி; அது ஒரு விலகலை அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்பதே அதன் மிகப் பெரிய ஐகன் மதிப்பு. செய்திகளுக்கு இடையிலான 0.2 விநாடியை அந்த மதிப்பால் பெருக்கினால் வருவது 2-க்குள் இருக்க வேண்டும். எல்லோரும் எல்லோரோடும் பேசினால் அந்த மதிப்பு ரோபோக்களின் எண்ணிக்கையேதான். ஆறுக்கு 1.2. பன்னிரண்டுக்கு 2.4; 1-இல் அதைக் கழித்தால் −1.4, ஒவ்வொரு முறையும் பிழை, அதாவது சராசரி இடத்திலிருந்து விலகல், அத்தனை மடங்காகிறது. சராசரிக்கு 10 செ.மீ. முன்னால் நின்றது 14 செ.மீ. பின்னால் போகும், பிறகு 19.6 முன்னால், 27.4 பின்னால். பத்து ரோபோக்களை ஓட்டிப் பாருங்கள், அதுதான் எல்லை.

கரிசல்:
வட்டமாக இணைத்து இருபக்க அண்டையரோடு மட்டும் பேசவிட்டால், எத்தனை சேர்த்தாலும் அந்த ஐகன் மதிப்பு 4-ஐத் தாண்டாது. ஆனால் பொறுமை வேண்டும். பிழை நூறில் ஒரு பங்காகக் குறைய 12 ரோபோக்களுக்குச் சுமார் 17 விநாடி, 24-க்கு 67 விநாடி. எனக்குப் பிடித்தது மெட்ரோபொலிஸ் எடை: நீங்களும் அண்டை ரோபோவும் வைத்திருக்கும் இணைப்புகளில் எது அதிகமோ அதனோடு ஒன்றைக் கூட்டி, வித்தியாசத்தை அதால் வகுத்து, ஒவ்வொரு அடியிலும் அவ்வளவு மட்டும் நகருங்கள். மொத்தம் எத்தனை ரோபோக்கள் என்று எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. வலை பெரிதாகும்போது இதைவிட நல்ல குணம் எது?

நிலா:
பத்தை ஓட்டினேன். தடத்தில் சுண்ணக்கட்டியால் குறித்த இரண்டு கோடுகளுக்கிடையே நெடுநேரம் இடம் மாற்றிக்கொண்டே இருந்தன! மெட்ரோபொலிஸ் எடையில் பன்னிரண்டும் நின்றுவிட்டன. ஆனால் ஒரு செய்தி ஒருபக்கம் மட்டும் தவறினால் நிற்கும் இடம் சற்று விலகுகிறதே?

முகில்:
ஆம். ஒருவர் நகர்ந்து மற்றவர் நகராவிட்டால் சராசரி மாறும். பதில் வராத இணைப்பை அந்த அடியில் இருவரும் விட்டுவிட வேண்டும்.