பழைய ரிகர்வ் வில்லை நாணேற்றும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். ஃபிரெட் பேர் நிறுவனத்தின் 'கோடியாக்' வகைப் பழைய ரிகர்வ் வில் (முனைகள் எய்பவரிடமிருந்து விலகி வெளிப்புறம் வளைந்தது) ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. நீளம் 60 அங்குலம், 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு இழுவிசை என்று அதன் கீழ்க் கரத்தில் (கைப்பிடிக்குக் கீழே வளையும் பகுதியில்) எழுதப்பட்டுள்ளது. '1953' என்ற காப்புரிமைக் குறிப்பும் இருப்பதால், அதுவே வில் செய்யப்பட்ட ஆண்டு என்றார் விற்றவர். சுவரில் மாட்டி வைக்க எனக்கு மனமில்லை, எய்யவே விரும்புகிறேன். ஆனால் ஃபைபர் கிளாஸ் பரப்பில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. கைவசம் உள்ள ஃபாஸ்ட் ஃபிளைட் நாணைப் பூட்டலாமா?

மறுமொழி 1:
1953 என்பது கனடாவில் பெற்ற காப்புரிமையின் ஆண்டு. பிற்காலத்தில் செய்த விற்களிலும் அது அப்படியே அச்சாகியிருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். கைப்பிடியில் பதித்துள்ள வட்ட வில்லையைப் பாருங்கள். உலோக நாணய வில்லைகளை 1959இல்தான் பதிக்கத் தொடங்கினார்கள். அது மரத்தோடு சமமாக அமைந்திருந்தால் 1973க்கு முந்தையது, மேலெழும்பி நின்றால் அதற்குப் பிந்தையது என்று கொள்ளலாம்.

மறுமொழி 2:
அந்த நாணைத் தயவுசெய்து பூட்டாதீர்கள். அது நீட்சி மிகக் குறைந்தது. அம்பு விடுபடும் கணத்தில் எழும் அதிர்ச்சி முழுவதும், வலுவூட்டப்படாத பழைய வில்முனைகளில் இறங்கி அவற்றைப் பிளந்துவிடக்கூடும். சற்று நீளக்கூடிய பாலியஸ்டர் இழையான டேக்ரான் பி-50 நாணே இதற்கு ஏற்றது. 60 அங்குல வில்லுக்கு 57 அங்குல நாண் வேண்டும்.

கோடுகளைப் பொறுத்தவரை, கரத்தின் நீளவாக்கில் ஓடுபவை பெரும்பாலும் அச்சப்படத்தக்கவை அல்ல. குறுக்காக ஓடும் கோடுகளும், விளிம்பில் அடுக்குகள் பிரிந்து நிற்பதுமே ஆபத்தானவை. ஒரு பஞ்சு உருண்டையை விளிம்பு நெடுகத் தேய்த்தால், இழை பெயர்ந்த இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் நாணேற்றும் கயிற்றைக் கொண்டு மட்டும் பூட்டுங்கள். காலிடுக்கில் வைத்து வளைத்ததால் முறுக்கிப்போன கரங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பூட்டிய பின் முனையிலிருந்து நோக்கினால், நாண் இரு கரங்களின் நடுவிலும் நேராகச் செல்ல வேண்டும். சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, சில அங்குலங்களாகக் கூட்டிக் கூட்டி இழுத்துப் பாருங்கள். அம்பில்லாமல் நாணை ஒருபோதும் விடக் கூடாது. அம்பின் எடை இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 கிரெயின் (மிகச் சிறிய எடை அலகு), அதாவது உங்கள் வில்லுக்கு ஏறத்தாழ 405 கிரெயின் இருந்தால் நல்லது.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: பழைய மெருகைச் சுரண்டிப் புதிதாகப் பூசாதீர்கள், கைப்பிடியில் துளையும் இடாதீர்கள், சேகரிப்பாளர்களிடம் இவ்விரண்டுமே மதிப்பைக் குறைக்கும். வெயிலில் நிற்கும் மூடிய காரில் வைத்தால் ஒட்டுப்பசை இளகும். எய்து முடித்ததும் நாணை இறக்கி, இரு முளைகளின் மேல் கிடையாக வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாணய வில்லை மரத்தோடு சமமாகவே இருக்கிறது, பஞ்சும் எங்கும் சிக்கவில்லை, கோடுகள் யாவும் நீளவாக்கில்தான் உள்ளன. டேக்ரான் நாண் வந்து சேரும்வரை இழுத்துப் பார்க்க மாட்டேன்.