புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து கொடுக்கலாமா?

மாங்கனிமண்டி (கிருஷ்ணகிரி):
புதுச்சேரி மாநில அந்தஸ்து என்று பேச்செடுத்தாலே, "அவ்வளவு சின்ன ஊருக்கு எதுக்கு?" என்கிறார்கள் நம் பக்கத்தில். 2011 கணக்குப்படி அங்கே 12.48 லட்சம் பேர். மிசோரமில் 11 லட்சம்கூட இல்லை, சிக்கிமில் 6.1 லட்சம்தான். இரண்டும் மாநிலங்கள். மிசோரமும் கோவாவும் 1987 வரை யூனியன் பிரதேசமாக இருந்தவைதான். புதுச்சேரிக்கு மட்டும் ஏன் கூடாது?

அதியமான்கோட்டை (தருமபுரி):
தலைக்கணக்கு மட்டும் போதுமென்றால் நம் தருமபுரி மாவட்டத்திலேயே 15 லட்சம் பேர் இருக்கிறோம். மிசோரமுக்குக் கிடைத்தது 20 வருட ஆயுதப் போராட்டத்தை முடித்த 1986 ஒப்பந்தத்தால். கோவா மக்கள் 1967இல் ஓட்டுப் போட்டு மகாராஷ்டிரத்தோடு சேர மறுத்தார்கள், அதற்கப்புறமும் 20 வருடம் காத்திருந்தார்கள். புதுச்சேரியோ நான்கு துண்டு. மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள்.

மாங்கனிமண்டி:
தருமபுரிக்குச் சட்டசபை கிடையாது அண்ணே, அங்கே உண்டு. 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. அங்குள்ள அரசைக் கேட்காமலே நியமிக்கலாம், அவர்களுக்கு ஓட்டும் உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு கவிழ்ந்த அன்று சபையில் நடந்த சண்டையே அந்த மூன்று ஓட்டைப் பற்றித்தான். மக்கள் ஓட்டுக்கு என்ன மரியாதை?

தென்பெண்ணைக்கரை (ஓசூர்):
வழி என்னவோ சுலபம்தான். அரசியல் சட்டம் 3ஆவது பிரிவு. குடியரசுத் தலைவர் பரிந்துரையோடு மசோதா வர வேண்டும், நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். தெலங்கானா மசோதாவை ஆந்திர சட்டசபை 2014 ஜனவரியில் நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஜூன் 2இல் மாநிலம் பிறந்தது. அதேபோல, புதுச்சேரி சபை எத்தனை தீர்மானம் போட்டாலும் டெல்லி மனசு வைக்காமல் நடக்காது.

என் கருத்து, கொடுக்கலாம் என்பதே. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன் ஓசூர்க்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்கத் தருமபுரி வரை பஸ் ஏற வேண்டும். அவர் அன்று ஆய்வுக்குப் போயிருந்தால் மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, சீல் குத்திய நகலோடு திரும்ப வேண்டியதுதான். முடிவெடுப்பவர் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியாதா?

அதியமான்கோட்டை:
அது தூரம் குறைந்த கதை தம்பி. புதுச்சேரிக்காரருக்குத் தலைமைச் செயலகம் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குப் பணம்தான் கவலை. மத்திய மானியத்தை நம்பி ஓடுகிற பட்ஜெட் அது. மாநிலமானால் சம்பளம், பென்ஷன், பழைய கடன் எல்லாவற்றையும் எப்படிச் சமாளிப்பார்கள்?

மாங்கனிமண்டி:
நிதிக்குழு சொல்கிறபடி மத்திய வரியில் பிரித்துத் தரும் பங்கு மாநிலங்களுக்குத்தான், யூனியன் பிரதேசத்துக்குக் கிடையாது. இன்றைக்கு வருவது டெல்லி பார்த்துக் கொடுப்பது. மாநிலமானால் உரிமையாக வரும்.

அதியமான்கோட்டை:
சரி, அந்தப் பங்கு இப்போதைய மானியத்தைவிடக் கூடுதலா குறைவா என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கூடுதல் என்றால் நானும் உங்கள் பக்கம். அதோடு மாஹேக்காரர், ஏனாம்காரர் என்ன சொல்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். இந்த விவாதத்தில் அவர்கள் பேச்சே வரவில்லை.