மனோரமா ஆச்சி: பார்த்தவர்கள், கேட்டவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர்ப் பக்கத்துக்காரன்:

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் மனோரமா பேச்சு எழுந்தால் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது "நம்ம ஊர்ப் பிள்ளை". பிறந்தது என்னவோ மன்னார்குடி, 1937 மே 26. வீட்டில் வைத்த பெயர் கோபிசாந்தா. சின்ன வயதிலேயே அம்மாவோடு பள்ளத்தூர் வந்து, படிப்பை விட்டு, அங்கேதான் நாடக மேடை ஏறினார். அப்போது 'பள்ளத்தூர் பாப்பா' என்று பெயர். மனோரமா என்பது நாடகக்காரர்கள் வைத்தது.

எங்கள் அப்பத்தா அந்தக் காலத்து நாடகங்களைப் பொட்டலில் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர். "வசனத்துக்கு உட்கார்ந்த கூட்டத்தைவிட அந்தப் புள்ள பாட்டுக்கு உட்கார்ந்த கூட்டம்தான் அதிகம்" என்பார். சினிமாவில் சிரிப்பு நடிகை என்று எழுதிவிட்டார்கள், அடிப்படையில் பாட்டுக்காரி என்பது அப்பத்தாவின் கட்சி.

நான் பார்த்தது எங்கள் பக்கத்துக் கல்யாணம் ஒன்றில். மேடைக்கு வந்து வாழ்த்திவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் என்னடா என்றால் வீட்டின் உள்பக்கம் இரண்டாம் கட்டில் ஆச்சிமார்களோடு உட்கார்ந்து, கவுனி அரிசி இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு முழுக்க எங்கள் பேச்சு. சினிமாவில் கேட்ட குரலே இல்லை. கிட்டப் போய் எட்டிப் பார்த்த பையன்களை ஒரு ஆச்சி விரட்டிவிட்டார், அதில் நானும் ஒருவன். சரி, மற்றவர்கள் சொல்லுங்கள்.

பழைய லைட்மேன்:

படத்தின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகள், அவுட்டோர். ஆச்சிக்கு அழுகிற சீன். அந்த நாளில் உதவி இயக்குநர் பேப்பரோடு வந்து வசனத்தைப் படித்துக் காட்டுவார், நடிகர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டார், பேப்பரை வாங்கவே இல்லை. நான் ரிஃப்ளெக்டர் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். டேக் நடக்கும்போது பாதி வசனத்தில் சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. கேமராமேன் கட் சொல்லிவிட்டார்.

இப்படி நின்றால் சாதாரணமாக மறுபடி முதலிலிருந்துதான் எடுப்பார்கள். மேகம் விலக வெகுநேரம் ஆனது. அதற்குள் ஆச்சி மேக்கப் பெண்ணோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார், டீ கூடக் குடித்தார். வெயில் வந்தது. விட்ட இடத்திலிருந்தே போகலாமா என்று டைரக்டர் கேட்டார். ஆச்சி எழுந்து மார்க்கில் நின்றார். எந்த விக்கலில் நின்றதோ அதே விக்கலில் தொடங்கியது. முந்தானையைக்கூட அதே கையில்தான் பிடித்திருந்தார். எனக்கு ரிஃப்ளெக்டர் ஆடிவிட்டது, டைரக்டரிடம் திட்டு வாங்கினேன்.

சைதாப்பேட்டை:

நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லாக் கல்யாணத்திலும் 'வா வாத்யாரே ஊட்டாண்ட' ஓடும். 1968 பொம்மலாட்டம், இசை வி. குமார். படத்தில் சோவோடு வருவார், பாடியதும் ஆச்சியேதான். பள்ளத்தூர் அண்ணே, நீங்கள் உங்கள் ஊர்ப் பிள்ளை என்கிறீர்கள். எங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். "இந்தப் பேச்சு வேற எந்த ஊர்க்காரிக்கு வரும்? அது இங்க ஆத்தோரம் பொறந்த பொண்ணு" என்று சாகிறவரை சாதிப்பார்.

சம்சாரம் அது மின்சாரத்தில் வேலைக்கார கண்ணம்மா. சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்று கத்துகிற சீன். நடுவில் விசு வாயைத் திறக்கும்போதெல்லாம் "கம்முனு கெட" என்று அடக்குவார். சென்னைப் பேச்சைச் சிரிக்க வைக்கப் பயன்படுத்தியவர்கள் நிறையப் பேர். அதில் சுயமரியாதையும் இருக்கிறது என்று காட்டியவர் அவர். எங்கள் அம்மாவும் நான்கு வீட்டில் வேலை பார்த்தவர்தான், அதனால் சொல்கிறேன்.

நடுநிலை நாராயணன்:

எல்லோரும் அடிக்க வராதீர்கள். எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கண்ணதாசன் மாலையிட்ட மங்கையில் (1958) கொண்டுவந்தார். 1963ல் கொஞ்சும் குமரியில் கதாநாயகி ஆனார். அதற்கப்புறம் தமிழ் சினிமா அவரைக் கதாநாயகிக்குத் தோழி, நாகேஷுக்கு ஜோடி, கடைசியில் ஹீரோவுக்கு அம்மா என்று மூன்று அறைகளுக்குள் வைத்துப் பூட்டியது. தொண்ணூறுகளில் பாதிப் படங்களில் ஒரே அழுகை, ஒரே சத்தம். 1000 படத்துக்கு மேல், கின்னஸ் சாதனை என்று பெருமை பேசுகிறோம். அத்தனை படத்தில் அவருக்காக எழுதிய பாத்திரம் எத்தனை தேறும்?

தில்லானா மோகனாம்பாளில் ஜில் ஜில் ரமாமணி. அது ஒன்றுதான் எனக்கு முழுச் சாப்பாடு. சிவாஜியின் நாயனத்தைக் கேட்டுவிட்டு, இந்தச் சத்தம் இவர் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று வெள்ளந்தியாகக் கேட்பார். தியேட்டரே சிரிக்கும். ஆனால் அந்த முகத்தைப் பாருங்கள், கேலி துளி இல்லை. வித்தையைப் பார்த்து வாய்பிளந்து நிற்கிற ஒரு நாடகக்காரி. பள்ளத்தூர்ப் பொட்டலில் பாடியவருக்கு அது நடிப்பே இல்லையோ என்று தோன்றும்.

பழைய லைட்மேன்:

நாராயணன் சார், அம்மா வேஷத்தில் சத்தம் அதிகம் என்பது சரிதான். ஆனால் சத்தமாக வேண்டும் என்று கேட்டது யார்? டைரக்டர்கள்தான் கேட்டார்கள். பார்த்திபன் 'புதிய பாதை'யில் வேறு மாதிரி கேட்டார், ஆச்சி வேறு மாதிரி கொடுத்தார். தேசிய விருது வந்ததே அதற்குத்தான். இந்தியன் படத்தில் நஷ்டஈட்டுப் பணத்துக்காக அரசு அலுவலகத்தில் அலைகிற கிழவியாக வருவாரே, அது எத்தனை நிமிஷம் இருக்கும்? அதை மறந்தவர் யாராவது உண்டா?

நடுநிலை நாராயணன்:

அதைத்தானே நானும் சொல்கிறேன் சார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

தி.நகர் வாசகி:

2015 அக்டோபர் 10 இரவு டி.வி.யில் செய்தி வந்தது. வயது 78. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அஞ்சலி செலுத்தப் போனோம். ஐந்து முதல்வர்களோடு பணியாற்றியவர் என்பார்கள்: மேடையில் அண்ணா, கருணாநிதி, திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். அன்றைக்கு வி.ஐ.பி. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன, எங்களைப் போன்றவர்களை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் பூ விற்கும் பாட்டி, பின்னால் கல்லூரிப் பெண்கள். அந்தப் பெண்களுக்கு ஜில் ஜில் ரமாமணி தெரியாது. இருபத்து மூன்றாம் புலிகேசியின் அம்மாவாகத்தான் தெரியும். பாட்டிக்கு நாகேஷ் ஜோடி. ஆளுக்கொரு மனோரமாவைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள், வரிசை போனதே தெரியவில்லை. ஒரு கட்டத்தில் பாட்டி 'மெட்ராஸை சுத்திப் பார்க்கப் போறேன்' பாட்டில் பாதியை முணுமுணுத்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கோபி மாப்பிள்ளை:

மன்னார்குடி, பள்ளத்தூர், சைதாப்பேட்டை என்று அடித்துக்கொள்கிறீர்கள். சின்ன கவுண்டர் வந்தபோது எங்கள் ஊரில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பல்லை எடுப்பாக வைத்துக்கொண்டு "கண்ணு"ங்கற பேச்சில் ஆத்தாவாக வந்தவர் வெளியூர்க்காரியாம். என் மாமியார் இன்றைக்கும் நம்பவில்லைங்க. பவானிப் பக்கம் ஏதோ தூரத்துச் சொந்தம் என்று ஒரு வழி சொல்லி வைத்திருக்கிறார். நான் விக்கிப்பீடியாவை எடுத்துக் காட்டினேன். "அதுல எழுதுனவனுக்கு என்ன தெரியும்"னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போய்ட்டாங்க.