புதுப்பிப்பு: மஞ்சளான மக்கடேமியா கன்றுகள்

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் பக்கம் பழைய கரும்பு நிலத்தில் மார்ச்சில் நட்ட 300 மக்கடேமியா (கொட்டைக்காக வளர்க்கும் மரம்) ஒட்டுக் கன்றுகளில் ஒரு வரிசை மட்டும் மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தேனே, காரணம் தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

மண் காயாமல் இருக்கப் பரப்பும் கரும்புச் சோகை மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவித்து வைத்திருந்தேன். அதை விலக்கிப் பார்த்தால் பட்டை கறுத்து ஈரமாக இருந்தது, நகத்தால் லேசாகச் சுரண்டியதும் உள்ளே பழுப்பு நிறம். தண்டு அழுகல். 11 கன்று போச்சு. மற்றவற்றுக்கு ஒரு சாண் இடம் விட்டுச் சோகையை வட்டமாகத் தள்ளிவிட்டேன், சொட்டுநீரையும் குறைத்தேன், இப்போது புதுத் தளிர் வருகிறது.

கோழி எரு போடச் சொன்னவர்களுக்கு: நல்லவேளை, போடவில்லை. கோழி எருவில் பாஸ்பரஸ் அதிகம். மக்கடேமியாவோ சத்துக் குறைந்த மண்ணுக்குப் பழகிய இந்த ஊர்க் காட்டு மரம், மேலாகப் படரும் மெல்லிய கொத்து வேர்களால் இருக்கிற கொஞ்சம் பாஸ்பரஸையும் உறிஞ்சிக்கொள்ளும், பாஸ்பரஸ் அதிகமானால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இன்னும் மஞ்சளாகும். அந்த வேர்கள் காயாமல் இருக்கத்தான் மூடாக்கே, அதனால் அதை மொத்தமாக எடுத்துவிடவும் மனசில்லை.

அப்புறம் ஒரு புதுத் தொல்லை. காட்டு வான்கோழி (பிரஷ் டர்க்கி) ஒன்று தினமும் விடியற்காலையில் வந்து, நான் பரப்பிய சோகையை, முட்டைகளைப் புதைத்து வைக்கும் மேடு கட்டுவதற்காகக் காலால் வாரிக்கொண்டே போகிறது. பாதுகாக்கப்பட்ட பறவை, ஒன்றும் செய்ய முடியாது. சோகைமேல் கம்பி வலை போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.