மறு: ‘இயற்கைச் சாணைக்கல்’ வேணாம், ‘பதக்கல்’னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக கோலாலம்பூர் தம்பி கேட்டது இது:

> சவரக்கத்திக்குக் கடைசியா தேய்க்கிற நேச்சுரல் கல்லுக்கு ‘இயற்கைச் சாணைக்கல்’னு போட்டுடலாமா? அப்படியே இன்னொன்னு, 1200 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பெல்ஜியம் கல்லு வருது, வாங்கலாமா?

கோலாலம்பூர் தம்பி தனித்தனியா ரெண்டு கேட்டிருக்கீங்க, எனக்கு அது ஒன்னாத்தான் தெரியுது. ‘இயற்கை’ங்கிற அந்த ஒத்தைச் சொல்லுக்குத்தான் பாதி விலை குடுக்குறோம், அதையே கலைச்சொல்லாவும் ஆக்கிட்டா நாளைக்குப் படிக்கிற பிள்ளைங்களும் இயற்கைன்னா உசத்தி, பாக்டரி கல்லுன்னா மட்டம்னு நெனச்சுக்கும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல சாணை. சாணைன்னதும் நம்ம கண்ணுக்கு வர்றது சக்கரம்தான், காலால மிதிச்சு ஓட்டி, அருவா, கத்திரிக்கோல் எல்லாம் தீப்பொறி பறக்கப் பிடிப்பாங்களே அது. அது இரும்பைத் தின்னுற வேலை. சவரக்கத்தி வாய் அவ்வளவு மெலிசா குடைஞ்சு எடுத்தது, அதைப் போயி சக்கரத்துல வெச்சா சூட்டுலயே எஃகோட உறுதி போயிடும், கத்தி அன்னிக்கே செத்துடுச்சுன்னு அர்த்தம். அதனால கையால தண்ணி விட்டுத் தேய்க்கிற கல்லுக்கு சாணைக்கல் பொருந்தவே பொருந்தாது.

ஈப்போ அக்கா சொன்ன ‘தீட்டுக்கல்’ நல்ல தமிழ், கத்தி தீட்டுறது, அரிசி தீட்டுறது, பட்டை தீட்டுறது எல்லாம் இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா வினையா இருக்குறப்ப சரி, கல்லோட ஒட்டி ‘தீட்டு’ன்னு நிக்கிறப்ப கேக்குறவங்க காதுல விழுறது வேற தீட்டு. எங்க அப்பா, தாத்தா ரெண்டு பேரும் கத்தி பிடிச்சவங்க. அந்த இன்னொரு தீட்டைச் சொல்லித்தான் எங்களைத் திண்ணைக்கு வெளியிலேயே நிக்க வெச்சாங்க. எங்க கையில இருந்த கல்லுக்கு அதே எழுத்துல பேர் வைக்க எனக்கு மனசு வரல அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. (இங்க மலேசியாவுல ‘பத்து ஆசா’ன்னு மலாய்லயே சொல்லிட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி, தோட்டத்துல கித்தா (ரப்பர்) மரம் வெட்டுற கத்தியைத் தேய்க்கிற கல்லையும் அப்படித்தான் சொல்லுவாங்க. கடைக்குப் போனா அது போதும், அகராதிக்குப் போதாது.)

அப்பா கடை பினாங்குல லெபோ பசார் பக்கம் இருந்துச்சு. அவர் வாயில ஹோனிங், ஃபினிஷிங் எதுவும் கிடையாது, மூனே மூனு சொல்லுதான். வாய் வைக்கிறது, பதம் ஏத்துறது, வார்ல இழுக்குறது. மழுங்கிப்போன கத்திக்கு மொதல்ல ரெண்டு பக்கத்துச் சரிவும் நுனியில வந்து சேர்றமாதிரி ஆக்கணும், அது வாய் வைக்கிறது. அப்புறம் அந்த வாயில இருக்குற கீறலையெல்லாம் மெல்ல மெல்லக் குறைச்சு மொகத்துல பட்டா உறுத்தாம ஆக்குறது பதம். கடைசியா தோல் வார். கத்தியோட முதுகையும் வாயையும் சேர்த்துக் கல்லுல படுக்க வெப்பார், ஒன்னு கூடத் தூக்கக்கூடாது, கோணத்தை அந்த முதுகுதான் பாத்துக்கும், வாய் முன்னாடி போறமாதிரி தள்ளி, முதுகு மேலயே பொரட்டி, திருப்பி இழுப்பார். கல்லு மேல தண்ணி பால் மாதிரி இருக்கும், பத்துப் பதினஞ்சு இழுப்புக்குள்ள சாம்பல் நிறமா மாறும், அது எஃகுத்தூள். அதை விரலால தொட்டு என்கிட்ட காட்டுவார். பிறகு விளக்குக்கு நேரா வாயை மேல பாத்தமாதிரி பிடிப்பார், எங்கயாவது வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு சின்ன மினுக்கு தெரிஞ்சா இன்னும் அந்த இடம் மொண்ணைன்னு அர்த்தம், திரும்பக் கல்லுக்கு. பதமான வாய் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது, கோடே தெரியாது.

இதனாலதான் நான் கேக்குறது ‘பதக்கல்’. பதமேற்றும் கல், அவ்வளவுதான். பாகுக்குப் பதம் இருக்கு, சோத்துக்குப் பதம் இருக்கு, கத்தி பதமா இருக்குன்னு இன்னிக்கும் எல்லாரும் சொல்றோம், யாருக்கும் பொருள் சொல்லித் தரத் தேவையில்ல. பதக்கம்னு காதுல விழுமேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், பேச்சுல சேர்த்துச் சொல்லிப் பாருங்க, குழப்பம் வராது. மொதக் கல்லுக்கு ‘வாய்க்கல்’. கல்லு மலையில பொறந்ததா பாக்டரியில பொறந்ததாங்கிறது பேர்ல வரவே வேணாம், வேணும்னா முன்னாடி மலைப் பதக்கல், ஆலைப் பதக்கல்னு சேர்த்துக்கலாம்.

சரி, விலைக்கு வர்றேன். தம்பி சொல்ற பெல்ஜியம் கல்லு கோட்டிக்யூல், ஆர்டென் மலைப்பக்கம் சால்ம்ஷாட்டோ வட்டாரத்துல எடுக்குறது. மஞ்சளா இருக்கும், படிவு ரொம்ப மெலிசு, அதனால அடியில ஸ்லேட் ஒட்டித்தான் பெரும்பாலும் விக்கிறாங்க. அதுக்குள்ள வெட்டுற பொருள் கார்னெட்ங்கிற கனிமத்தோட மணி, ஒவ்வொன்னும் ஏறக்குறைய 5லேர்ந்து 15 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே. ஜப்பான் கணக்குல 1000 நம்பர் பாக்டரி கல்லுல துகள் 11, 12 மைக்ரான், 8000 நம்பர்ல 1.2 மைக்ரான். அப்போ துகள் அளவை மட்டும் பாத்தா இந்த 1200 வெள்ளிக் கல்லு ஒரு சாதா வாய்க்கல்லுதான்! ஆனா அந்த மணி பன்னெண்டு முகத்தோட உருண்டை மாதிரி இருக்குறதால கூரா கீறாது, ஆழமில்லாம வழிச்சுட்டுப் போகும். சின்னத் துண்டுக் கல்லால மேல தேய்ச்சுப் பால் எடுத்தா மணியெல்லாம் அவுந்து வந்து வேகமா வெட்டும், தண்ணி விட்டு விட்டுப் பாலை நீர்த்துப்போக விட்டா அதே கல்லு மெதுவாகி பதம் ஏத்தும். வாய்க்கல்லும் பதக்கல்லும் ஒரே கல்லுக்குள்ள, கையில இருக்குற தண்ணிதான் பிரிக்குது. இதுக்குப் போயி ‘இத்தனாவது நம்பர்’னு கேட்டா பதிலே கிடையாது, அமெரிக்காவுல அர்கன்சா கல்லைக்கூட நம்பர் போட்டு விக்கிறதில்ல, அடர்த்தி பாத்து சாஃப்ட், ஹார்ட்னுதான் பிரிக்கிறாங்க. அதனால துகள் நம்பருக்கு யாரோ சொன்ன ‘பரல் எண்’ நல்லா இருக்கு, ஆனா ஆலைக் கல்லுக்கு மட்டும்னு குறிப்புல எழுதிடுங்க.

அந்தப் பாலுக்கு ‘கரைசல்’னு பட்டியல்ல போட்டிருக்கு, அது சரியில்ல, கல்லு எங்க கரையுது? துகள்தான் தண்ணியில மிதக்குது. ‘கல்பால்’னு வைங்க. பால் மரம் வெட்டிப் பொழச்ச ஊர்ல இந்தச் சொல்லு ஒட்டாமப் போகாது.

வாங்கலாமான்னா, மொதக் கத்திக்கு, மொதக் கல்லா வாங்காதீங்க. பெரும்பாடு வாய் வைக்கிறதுலதான், வாய் சரியா விழலன்னா எந்த மலையிலேர்ந்து கொண்டாந்த பதக்கல்லாலயும் அதைக் காப்பாத்த முடியாது. ஒரு 1000 நம்பர் கல்லு, அப்புறம் 4000மும் 8000மும் ஒட்டி வர்ற நார்ட்டன் கம்பெனிக் கல்லு, ஒரு தோல் வார், இது போதும், மொகம் சுகமா வழிக்கலாம். 8000க்கு மேல வேணும்னா 0.5 மைக்ரான் பச்சை பாலிஷ் பேஸ்ட்டை ஒரு பழைய வார்ல தடவிப் பத்து இழுப்பு, செலவு கொஞ்சம்தான். விலை எதுக்கு ஏறுதுன்னும் பாருங்க, கோட்டிக்யூல்ல கோடு, புள்ளி இல்லாத அழகான கல்லுக்குத்தான் கூட, பெரிய அளவுக்குத்தான் கூட, அதனால பதம் கூடிடாது. ஜப்பான்ல கியோட்டோ மலைக் கல்லுன்னா பல சுரங்கம் மூடிட்டாங்க, சுரங்கத்துப் பேருக்கும் முத்திரைக்குமே ஒரு விலை. நானே அப்படி முத்திரையைப் பாத்து 900 வெள்ளிக்கு இணையத்துல ஒன்னு வாங்கினேன், ஓரத்துல ஒரு கடினமான கோடு ஓடுச்சு, ஒவ்வொரு தடவையும் வாயைக் கடிச்சுது, அப்பாவோட கத்தியில ரெண்டு பல்லு விழுந்துச்சு. அதைச் சரிபண்ண எனக்கு மூனு ராத்திரி ஆச்சு, வித்தவர் பதிலே போடல. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில 15 வெள்ளிக்குக் கிடைச்ச பார்பர் கல்லு, மூனு கோடு போட்ட ஸ்வாட்டி பிராண்டு, அதைவிட நல்லா வேலை செய்யுது, அதுவும் ஆலைக் கல்லுதான்.

ஆனா மலைக் கல்லு வீண்னு நான் சொல்லல. அதுல கத்தி போறப்ப வர்ற மிருது, அந்தச் சத்தம், வழிச்ச பிறகு தோல் எரியாத சுகம், அது நெசம், நான் தினமும் அனுபவிக்கிறேன். நாலு கத்திக்கு வாய் வெச்சுப் பழகினவர் ஆசைப்பட்டு வாங்கினா தாராளமா வாங்கட்டும்.

இன்னொரு உதவி. கடையில இப்ப எல்லாரும் பாதி பிளேடு போட்ட கத்திதான், சுத்தத்துக்கு அதுதான் சரி, தைப்பூசத்துல மொட்டை போடுறதும் அதுலதான். அதனால கல்லு தேய்ச்ச கடைசி ஆளுங்க எல்லாம் எழுபது தாண்டிட்டாங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல, கிள்ளான்ல, உங்க ஊர்ல யாராவது இருந்தா போயி உக்காந்து, பிசிறுக்கு என்ன சொன்னாங்க, கல்லை மட்டமாக்குறதுக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டு அவங்க சொன்னபடியே இங்க எழுதுங்க. நம்ம புதுச் சொல்லு கோக்குறதுக்கு முன்னாடி அவங்க சொல்லு வரட்டும். என் பங்குக்கு பதக்கல், வாய்க்கல், கல்பால் மூனையும் பட்டியல்ல சேர்க்கக் கேட்டுக்குறேன்.

தம்பி, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கத்தியை எடுத்துட்டு பினாங்கு வாங்க. கோட்டிக்யூலும் இருக்கு, 8000மும் இருக்கு, ஒரு கன்னம் அதுல ஒரு கன்னம் இதுல வழிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.